அம்மாவுக்கு ஓர் இலை

ஆலயத்தின் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் என் அப்பா உள்ளங்கை அளவுதான் தெரிவார். வெள்ளைக் கோட்டு, வெள்ளை வேட்டி, கையில் கறுப்புப் புத்தகம். வாய் அசையும். சத்தம் மட்டும் எங்களிடம் வந்து சேர்வதற்குள் கரைந்துபோயிருக்கும். பிரசங்கம் என்றாலே அப்படி ஒரு முனகல்தான் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன், தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி. அதைக் கேட்டபடி அம்மாவின் மடியில் தலையைச் சாய்த்தால் கண் சொக்கிவிடும். அம்மாவின் சேலையில் கஞ்சி வாசனை. அதற்கும் அடியில், அவள் உடம்பிலேயே ஊறிப்போன வேறொரு வாசனை, பாண்டான் இலையும் சாம்பிராணியும் கலந்தது. ஜன்னல் வழியாக வெயில் நீளமாக உள்ளே வந்து, ஒவ்வொரு பெஞ்சாகத் தாண்டி, எங்கள் காலடிக்கு வரும்போது ஆராதனை முடிந்திருக்கும்.

எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே ஞாயிறாகத்தான் ஞாபகத்தில் இருக்கின்றன. எது எந்த வருஷம் என்று கேட்டால் விழிப்பேன். ஆனால் ஒரு போகி மட்டும் தனியாக நிற்கிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது மலாக்காவில் எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபம் ஒரு தடவையாவது நல்லதுக்கு உதவியதா என்றால், அந்தப் போகியைத்தான் சொல்வேன்.

அப்பா மிஷனில் உபதேசியார். பாதிரியார் மாதத்தில் பாதி நாள் வெளியூர் சபைகளில் இருப்பார். மலாக்கா தமிழ்ச் சபையை உண்மையில் கட்டி மேய்த்தவர் அப்பாதான். செங் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குச் சைக்கிளில் போய் லயத்து வாசலில் ஜெபக்கூட்டம் வைப்பார். யார் குடித்தார், யார் வீட்டில் வேப்பிலை கட்டியிருக்கிறது, யார் பிள்ளைக்கு மொட்டை போட்டார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததைப் பாதிரியாரிடம் சொல்வதும் அவர் வேலை.

அம்மா கம்போங் செட்டி என்கிற குடியிருப்பில் பிறந்தவள். எங்கள் வாடகை வீட்டிலிருந்து அவள் பிறந்த வீட்டுக்குப் பத்து நிமிஷம் நடக்கவேண்டும். செட்டிக்காரர்கள் எந்தக் காலத்திலோ வியாபாரத்துக்குக் கப்பலேறி வந்து, இங்கேயே பெண் எடுத்து, இங்கேயே வேர் பிடித்தவர்கள். சாமி கும்பிடுவதில் ஒரு குறையும் வைக்கமாட்டார்கள். தமிழ் மட்டும் அவர்கள் நாக்கைவிட்டு எப்போதோ நழுவிவிட்டது. வீட்டில் மலாய்தான், நடுநடுவே பருக்கை பருக்கையாகத் தமிழ். பெண்கள் இடுப்பில் சாரோங்கும் மேலே கெபாயாச் சட்டையும் உடுத்துவார்கள். அம்மாவும் அப்படித்தான் வளர்ந்தாள்.

மிஷனில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். மிசியம்மா என்போம். அவர் நடத்திய தையல் வகுப்புக்கு அம்மா போனாள். அங்கே ஹார்மோனியம் வாசிக்க வந்த இளைஞர்தான் அப்பா. பிறகு என்ன, நடக்கவேண்டியது நடந்தது. அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, புதுப் பெயர் வைத்து, மிசியம்மாவே பக்கத்தில் நின்று சேலை கட்டிவிட்டாராம். தமிழ்க் கிறிஸ்தவப் பெண் என்றால் சேலைதான் என்று அவர் எங்கோ படித்துவிட்டு வந்திருந்தார். வாழ்க்கையில் அதுவரை ஒரு நாளும் சேலை கட்டாத அம்மா, அன்று முதல் ஞாயிறுதோறும் பதினெட்டு ஊக்கு குத்திக்கொண்டு ஆலயத்துக்கு வந்தாள். பிரசங்கத் தமிழ் அவளுக்குப் பாதி புரியாது. அதனால் கடைசி பெஞ்சு. யாரும் திரும்பிப் பார்த்து ஏதாவது கேட்டுவிடக்கூடாதே என்ற பயம்.

பிறந்த வீடு அவளுக்குக் கதவை அடைக்கவில்லை. அவள்தான் போகவில்லை, போகவிடவில்லை, இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அக்காவை, அதாவது என் பெரியம்மாவை, பாசாரில் பார்த்தால் நின்று பேசுவாள். சேர்ந்து மீன் வாங்குவார்கள். ஆனால் வீட்டுக்குப் போய்க் கை நனைப்பது கிடையாது. சாமிக்குப் படைத்ததைத் தெரியாமல் தின்றுவிட்டால் என்ன ஆகும் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார்.

போகி அன்று மட்டும் அம்மா நிலைகொள்ளமாட்டாள். அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில் செட்டி வீடுகளில் இறந்தவர்களுக்கு இலை போடுவார்கள். பார்ச்சு என்று அதற்குப் பெயர். குடும்பத்தில் செத்துப்போன ஒவ்வொருவருக்கும் தனித்தனி இலை, அவரவருக்குப் பிடித்த சாப்பாடு. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, உயிரோடு இருப்பவர்கள் எல்லாம் வெளியே வந்து நின்றுவிடுவார்கள். வந்தவர்கள் கூச்சப்படாமல் சாப்பிடவேண்டுமாம். அந்தச் சாம்பிராணிப் புகை காற்றில் எங்கள் தெரு வரைக்கும் வரும். அம்மா அடுக்களைப் பின்வாசல் படியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். முகம் எங்கோ இருக்கும். நான் கூப்பிட்டால் காதில் விழாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. அப்பா ஜெபம் பண்ணாமல் அம்மா சோற்றில் கை வைக்கமாட்டாள். தட்டைப் போட்டு, சோற்றை வைத்து, கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்பா கண்ணை மூடி, "ஆண்டவரே, நீர் தந்த இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்து "ஆமென்" என்று முடித்தால்தான் அவள் விரல் அசையும். மழையில் மாட்டிக்கொண்டு அப்பா செங்கிலிருந்து இரண்டு மணி நேரம் தாமதமாக வருவார். சோறு ஆறி அவலாகிக் கிடக்கும். அம்மா அப்படியே உட்கார்ந்திருப்பாள். ஜப்பான்காரன் காலத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்கு நாலு துண்டு, அதற்கும் இதே கதை. "நீங்களே ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடுங்களேன்மா, பசிக்கலையா?" என்று எரிந்து விழுவேன். "உங்கப்பா சொன்னாத்தான் சாமி கேக்கும்," என்பாள். அந்தத் தமிழ் ஜெபத்தில் 'ஆமென்' தவிர அவளுக்கு என்ன விளங்கியது என்று நான் கேட்டதே இல்லை.

பாடாங் மைதானத்தில் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று அறிவித்த வருஷம் அம்மா படுத்தாள். ஊரே மைதானத்துக்குப் போயிருந்தது. வெகுதூரத்திலிருந்து ஒலிபெருக்கிச் சத்தமும் ஆரவாரமும் அலை அலையாக ஜன்னலுக்குள் வந்தன. நான் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டபடி இருந்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே, அவளுடைய மலாயில், மெதுவாகக் கேட்டாள்: "நான் போனப்புறம் அக்கா வீட்டில எனக்கு ஒரு இலை போடுவாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னம்மா பேச்சு இது!" என்றேன்.

"எங்க அம்மா, எங்க அப்பா, குழந்தையிலேயே போன தம்பி, எல்லாரும் வருவாங்க. எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. என்னை மட்டும் யாரு கூப்பிடுவா?"

சொல்லிவிட்டு அழவில்லை. அழுதிருந்தால் நான் தேற்றிவிட்டு எழுந்து போயிருப்பேன். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், அவ்வளவுதான். "நான் போட வைக்கிறேன். சத்தியம்," என்றேன். இருபது வயதில் வாய்தானே முந்தும். அந்த வருஷத்து மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். வெள்ளைச் சேலை கட்டி, கீர்த்தனை பாடி, கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம் பண்ணினோம். பெரியம்மா வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரச் சொல்லி நான் கை காட்டினேன். வரவில்லை.

மண் ஈரம் காய்வதற்குள் பெரியம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டேன். அவள் பேசுவது மலாய்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். வெற்றிலையை மடித்தபடி, "வருஷம் திரும்பட்டும்," என்றாள். "அதுக்கு முன்னாடி யாரையும் கூப்பிடுறது இல்ல."

வருஷம் திரும்பியது. அதற்குள் நாட்டுக்கே சுதந்திரம் வந்துவிட்டது. ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடைக்காரர்கள் கட்டிய கொடித்துணிகள் வெயிலில் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. தையும் நெருங்கியது. மறுபடியும் போய் நின்றேன்.

"போடலாம்," என்றாள் பெரியம்மா. எனக்கு நிம்மதி வருவதற்குள் அடுத்ததைச் சொன்னாள். "ஆனா இந்த வீட்டு வழக்கம் ஒண்ணு இருக்கு. கல்யாணம் ஆகிப் போன பொண்ணைப் புருஷன் விடாம நாங்க கூப்பிடக் கூடாது. அவன் அவளுக்குத் துணி எடுத்துட்டு வரணும். அவன் கையாலே இலைக்குப் பக்கத்துல வைக்கணும். இல்லேன்னா அவ வந்து வாசலுக்கு வெளியிலதான் நிப்பா, உள்ள வரமாட்டா."

"அப்பா எப்படி வருவார், பெரியம்மா? அவர் உபதேசியார்!"

"அலாமா! அது உன் பாடு, உங்கப்பா பாடு," என்றாள். வெற்றிலை வாய்க்குள் போய்விட்டது.

நான் அப்பாவிடம் கேட்டதைப் பேச்சு என்று சொல்லமுடியாது, சண்டை. மிஷனின் சட்டம் எனக்கும் மனப்பாடம்தான். இறந்தவர்களுக்குப் படைப்பவர்களும் படைத்ததைத் தின்பவர்களும் திருவிருந்துக்கு வரக்கூடாது. அப்படி நிறுத்திவைக்கப்பட்டவர்கள் பெயரை ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார்கள். வாசிப்பது யார்? அப்பாதான். செங் தோட்டத்தில் ஒரு கிழவி, செத்த மகனுக்கு முட்டையும் சாராயமும் வைத்துக் கும்பிட்டதற்காக அவள் பெயரை அவர் வாசித்தபோது நான் அந்த ஆலயத்திலேயே இருந்தேன்.

"செத்தவங்களுக்கு ஏது புள்ள பசி?" என்றார் அப்பா. "உங்கம்மா ஆண்டவர்கிட்ட இருக்கா. அங்க என்ன குறைச்சல் அவளுக்கு?"

"குறைச்சல் இருக்கா இல்லையான்னு நான் கேக்கலப்பா. அம்மா கேட்டாங்க. என்கிட்ட வாய் விட்டுக் கேட்டாங்க."

"என்கிட்ட கேக்கலையே!"

"உங்ககிட்ட எப்படிக் கேப்பாங்க? நீங்க பேர் வாசிக்கிற ஆளாச்சே!"

அப்பா முகம் சிவந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. பற்றிக்கொண்டு எரிந்தது எனக்கு. "இருபத்திரண்டு வருஷம் அம்மா உங்க பின்னாடி சர்ச்சுக்கு வந்தாங்க. ஒரு வார்த்தை புரியாம வந்தாங்க. நீங்க அவங்களுக்காகப் பத்து நிமிஷம் நடந்து வரமாட்டீங்களா?" அப்பா எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாப்பாட்டு நேரத்துக்கும் வரவில்லை. நான் ஜெபம் பண்ணாமலே சாப்பிட்டேன், வேண்டுமென்றே.

அந்த வாரம் மிசியம்மா கப்பலேறுவதற்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். இனி சபையை உள்ளூர்க்காரர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று ஏற்பாடு. அவருக்குப் புத்தகம் அடுக்கிக் கொடுக்கப் போயிருந்தேன். வீடு முழுக்க வைக்கோலும் மரப்பெட்டிகளும். அலமாரி இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, விஷயத்தை அப்படியே சொல்லிவிட்டேன். அவர் பேசுவது வேதப்புத்தகத் தமிழ். யாரிடமும் அப்படித்தான் பேசுவார், மீன்காரனிடம்கூட.

"உன் தாயாருக்கு நானே சேலை உடுத்துவித்தேன்," என்றார். கையில் இருந்த புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. "அது உங்கள் ஜனங்களின் வழக்கம் என்று எண்ணினேன். வெகு காலத்துக்குப் பின்பே அறிந்தேன், அது அவளுடைய வழக்கம் அல்ல என்று. அறிந்த பின்பும் நான் ஒன்றும் சொல்லவில்லை."

நான் கேட்டது சேலையைப் பற்றி இல்லை. இலையைப் பற்றி. அதை மறுபடி சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். சரி என்றா, முடியாது என்றா, இன்றுவரை தெரியாது. மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. போகிக்கு முந்தின வாரம் அவர் கப்பல் போய்விட்டது.

போகியும் வந்தது. அப்பா காலையிலேயே செங்குக்குக் கிளம்பிவிட்டார். சரி, புருஷன் கை இல்லாவிட்டால் மகள் கை, பெரியம்மாவின் காலில் விழுந்தாவது நடத்திவிடுவது என்று நானும் ஒற்றைக்காலில் நின்றேன். அம்மாவின் சேலைகளிலேயே நல்லதாகப் பார்த்து, கிறிஸ்துமஸுக்குக் கட்டுகிற நீலக்கரைச் சேலையை எடுத்து, பெட்டி போட்டுத் தேய்த்து மடித்துக்கொண்டு கம்போங் செட்டிக்குப் போனேன்.

அந்தச் சாயங்காலத்தை இன்றும் கண்ணை மூடினால் பார்க்கலாம். குறுகலான சந்துகள். ஒவ்வொரு வீட்டு முன்கதவிலும் மாவிலை. எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் புகை கிளம்பி, சந்துக்கு மேலே ஒரு வெள்ளைத் துணி மாதிரி அசையாமல் நின்றது. அதற்குள் நடந்து போகிறவர்கள் இடுப்பு வரைக்கும்தான் தெரிந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. உயிரோடு இருப்பவர் யார், வரப்போகிறவர் யார் என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

பெரியம்மா வீட்டு நடுக்கூடத்தில் வரிசையாக இலைகள். தேங்காய்ப்பால் சோறு, இறால் சம்பல், புளி ஊற்றிய மீன், கோழி, ஏழெட்டு விதமான பலகாரம். ஒரு பெரியவருக்குச் சுருட்டு. குழந்தையிலேயே போன மாமாவுக்கு ஒரு கிண்ணத்தில் பாலும் ஒரு பிஸ்கட்டும். கடைசியில் ஓர் இலை காலியாக இருந்தது. கழுவி, துடைத்து, தயாராக.

சேலையை நீட்டினேன். பெரியம்மா வாங்கவில்லை. விரித்துப் பார்த்தாள். "இது யாருக்கு?" என்றாள்.

"அம்மாவுக்கு."

"என் அடிக், என் கூடப்பிறந்தவ, சாரோங் கட்டுறவ. இதை வச்சா வேற யாரோ ஒரு தமிழச்சி வந்து உக்காருவா. என் தங்கச்சி வரமாட்டா." கோபமாகச் சொல்லவில்லை, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத் தெரியாதவளுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "அதுவும் நீ கொண்டு வந்தா ஆகாது. உங்கப்பா எங்கே?"

காலில் விழலாம் என்று வந்தவள் அப்படியே நின்றேன். இருபத்தொரு வருஷம் அவளோடு வாழ்ந்த எனக்கு, சாரோங் கட்டின அம்மாவை நினைவுபடுத்தவே முடியவில்லை. வீட்டில் ஒரு பச்சைத் தகரப்பெட்டி உண்டு. அம்மாவின் பழைய துணி எல்லாம் அதில்தான். அதன் சாவி அப்பாவிடம்.

வேறு வழியில்லை, ஓடிப்போய்ப் பூட்டை உடைத்தாவது எடுத்து வரலாம் என்று வாசலுக்கு வந்தேன். சந்து முனையில், புகைக்குள், இடுப்புக்கு மேல் இல்லாத ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேட்டியை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். புகை விலகியதும் வெள்ளைக் கோட்டு தெரிந்தது. ஹேண்டில்பாரில் பழுப்புக் காகிதப் பொட்டலம்.

"அப்பா..."

"பேசாதே," என்றார். "பேசினா திரும்பிப் போயிருவேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பொட்டலத்தைப் பிரித்தார். கற்பூர வாசனை அடிக்கிற ஒரு சிவப்புச் சாரோங், மெல்லிய வெள்ளைக் கெபாயா, அதற்கு மூன்று வெள்ளி ஊசி. தையல் வகுப்புக்கு அம்மா முதல் நாள் உடுத்தி வந்ததாம்; அது பிறகு தெரிந்தது. காலி இலைக்குப் பக்கத்தில் வைத்தார். குனிந்தவர் நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பெரியம்மா இலையில் சோறு பரிமாறினாள். எதை எடுப்பது என்று ஒரு நிமிஷம் திகைத்தாள். இருபத்திரண்டு வருஷமாகச் சேர்ந்து சாப்பிடாத தங்கைக்கு என்ன பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. "மீன் தலை," என்றார் அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு. "சம்பல் வேண்டாம். வயிறு ஒத்துக்காது அவளுக்கு."

எல்லாப் பெயரையும் கூப்பிட்டார்கள். கடைசியாக அம்மாவின் பெயர். ஞானஸ்நானப் பெயர் இல்லை, பிறந்த வீட்டுப் பெயர். "மாரி மாக்கான், அடிக்," என்றாள் பெரியம்மா. வா, சாப்பிடு. அதற்குமேல் அவளால் முடியவில்லை, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் வெளியே வந்தோம். கதவு சாத்தியாயிற்று.

முற்றத்தில் பதினைந்து பேர் இருப்போம். பேச்சில்லை. எங்கோ ஒரு சேவல் நேரம் கெட்ட நேரத்தில் கூவியது. வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு நிறமே இல்லாமல் ஆகிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில் எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி இருந்தது, அந்தக் கடைசி பெஞ்சுத் தூக்கம். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்பதில் அந்த நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்பாதான் நிலைகொள்ளாமல் இருந்தார். வேலிக்கும் கதவுக்கும் நடந்தார். கடைசியில் பெரியம்மா முன்னால் வந்து நின்றார். தன் பாசார் மலாயில், வார்த்தை தேடித் தேடிச் சொன்னார்.

"அவ சாப்பிடமாட்டா."

"ஏன்?"

"ஜெபம் பண்ணலையே. நான் ஜெபம் பண்ணாம அவ கை வைக்கமாட்டா. ஒரு நாளும் வச்சதில்ல. எல்லாரும் சாப்பிடுவாங்க. அவ மட்டும் கையைக் கோத்துக்கிட்டு உக்காந்திருப்பா."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. செத்தவர்களுக்குப் பசி ஏது என்று கேட்ட மனுஷன்! பெரியம்மா சிரிக்கவில்லை. பதறிப்போனாள். "அலாமா! நான் கூப்பிட்டு அவ வந்துட்டா! பசியோடவா உக்கார வச்சிருக்கோம்? சொல்லு, சீக்கிரம் சொல்லு!" என்று அப்பாவின் தோளைப் பிடித்துக் கதவுக்கு நேரே திருப்பினாள். "எல்லாரும் சும்மா இருங்க," என்று முற்றத்தைப் பார்த்து அதட்டினாள்.

சாத்திய கதவுக்கு முன்னால் அப்பா கண்ணை மூடினார். "ஆண்டவரே, நீர் தந்த இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்." தினமும் சொல்கிற அதே வார்த்தைகள்தான். குரல்தான் அதே குரல் இல்லை. முற்றத்தில் நின்ற செட்டிக்காரர்கள் ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரிந்திருக்காது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள், நெற்றியில் விபூதியோடு. முடிவு எங்கே என்று தெரியாமல் பெரியம்மா அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமென்," என்றார் அப்பா. "ஆமென்," என்றாள் அவளும்.

பிறகு கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனோம். வழக்கப்படி அந்தந்த இலையை அந்தந்த வீட்டு ஆட்கள் சாப்பிடவேண்டும். அம்மாவின் இலைக்கு முன்னால் பெரியம்மா ஒரு பாயை விரித்தாள். துணி கொண்டுவருவதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் அப்பா வந்திருப்பார் என்று நினைக்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? இலையைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். உட்கார்ந்தார். மீன் தலையைப் பிட்டு வாயில் வைத்தார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். ஓர் இலையில் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவே பாதிரியாரிடம் போய்ச் சொல்லிவிட்டார். நாங்கள் போய் வந்ததை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஞாயிறன்று பெயர்களை வாசித்தது பாதிரியார். அப்பாவின் பெயர், என் பெயர். மூன்று மாதம் திருவிருந்து கிடையாது. அப்பாவுக்கு அந்த மூன்று மாதமும் உபதேசியார் வேலையும் கிடையாது. சபையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. செங் தோட்டத்துக் கிழவி திரும்பி எங்களைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது கடைசி பெஞ்சில். வேறு எங்கே போய் உட்காருவது? அப்பா அந்த இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கழுத்தை நீட்டினார், காதுக்குப் பக்கத்தில் கையை வைத்தார், கொஞ்ச நேரம் கழித்து விட்டுவிட்டார். பாதிரியார் உள்ளங்கை அளவு தெரிந்தார். வெயில் ஒவ்வொரு பெஞ்சாகத் தாண்டி வந்து எங்கள் காலடியில் விழுந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் அப்பா சைக்கிளில் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தார். முக்கால் வழி வந்தபிறகு நின்றார்.

"புள்ள, அந்த பெஞ்சுல ஒண்ணுமே கேக்கலையே," என்றார். "இருபத்திரண்டு வருஷம் நான் அங்க நின்னு கத்திக்கிட்டு இருந்தேன். அவளுக்கு ஒண்ணுமே கேட்டிருக்காதே."